மூணு லட்சத்தில் நாலு பேர் சிங்கப்பூர்: ஓட்டை எங்கே விழும்?

கோபிச்செட்டிபாளையத்தில் மருந்துக்கடை. நீங்கள், மனைவி, 10 வயது மகள், 63 வயது அம்மா. மே மாத லீவில் ஐந்து ராத்திரி சிங்கப்பூர். கையில் 3 லட்சம். அம்மாவுக்கும் மகளுக்கும் இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. பணம் போதுமா, டிராவல்ஸில் பேக்கேஜ் எடுப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா என்பது உங்கள் கேள்வி.

போதும். ஆனால் இழுத்துப் பிடித்தால்தான் போதும். திரும்பி வந்ததும் ஒரம்பரைக்கு, அதாவது சொந்தபந்தங்களுக்குக் கொடுக்கக் கோடாலித் தைலம் தவிர வேறொன்றும் பையில் இருக்காது. மூன்றேகால், மூன்றரை இருந்தால் மூச்சு விட்டுப் போய் வரலாம். பேக்கேஜ் வேண்டாம் என்பது என் கட்சி. சிங்கப்பூருக்கு மட்டும்தான் அப்படிச் சொல்கிறேன், காரணம் கீழே வருகிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 19 வருசம் கணக்குப் பார்த்தவன். முதலாளி, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், யார் சரக்கு வாங்குகிற பையரைப் பார்க்க வெளிநாடு போனாலும், திரும்பி வந்ததும் பில்லையெல்லாம் ஒரு கவரில் திணித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு, எங்கே எகிறியது என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. நடு நாட்களில் யாருக்கும் கணக்குத் தப்புவதில்லை. எகிறுவதெல்லாம் முதல் நாளும் கடைசி நாளும்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாக்கு கிழிவது மூலையிலும் வாயிலும்தான், வயிற்றில் இல்லை என்பார்கள். அது மாதிரிதான் இதுவும்.

அதனால் நீங்கள் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வகுத்து ஆறு நாளால் பெருக்கினால் அந்தக் கணக்கு நிற்காது. முதல் நாளுக்குத் தனியாக, கடைசி நாளுக்குத் தனியாக எழுதுங்கள். அதற்கு முன் மொத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நான் என் குடும்பத்தோடு முதன்முதல் போனபோது, எங்கள் கல்யாணத்து மொய் நோட்டில் எழுதாமல் கிடந்த கடைசிப் பக்கங்களில்தான் கணக்கு எழுதினேன். இடது பக்கம் ரூபாய், வலது பக்கம் டாலர். இங்கிருந்து புறப்படும் முன் ரூபாயில் கட்டித் தீர்ப்பதெல்லாம் இடது பக்கம். அங்கே போய் அவர்கள் காசில் கொடுக்க வேண்டியதெல்லாம் வலது பக்கம். இரண்டையும் கலக்கவே கூடாது. கலந்தால் விமான டிக்கெட்டில் ஆயிரம் குறைந்த சந்தோசத்தில் அங்கே போய் மூவாயிரத்தை விடுவீர்கள்.

உங்கள் இடது பக்கம் இப்படி வரும். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. போகவர ஆளுக்கு 22,000 என்று வைத்தால் 88,000. மே மாதம் பள்ளி லீவு, கடைசி நேரத்தில் எடுத்தால் இது சுலபமாக ஏறிவிடும். மூன்று மாதம் முன்பே எடுங்கள். மலிவு விமானங்களில் டிக்கெட் விலைக்குள் பெரிய பெட்டி வராது, சாப்பாடும் வராது. நாலு பேருக்கு நாலு பெட்டி எதற்கு? இரண்டு போதும். அதை டிக்கெட் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், போகவர 8,000 ஆகும் என்று வையுங்கள். விசாவுக்குச் சிங்கப்பூர் அரசு கட்டணம் 30 டாலர்தான், ஆனால் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போக வேண்டும், அவர் கூலியும் சேர்த்து ஆளுக்கு 3,000 போட்டு 12,000. இன்சூரன்ஸ் 5,000. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய், 60 வயது தாண்டியவர் என்பதால் பத்து சதவீதம் போக 1,350. மகளுக்கு 1,000. இரண்டு போனுக்கு வெளிநாட்டு ரோமிங் பேக் 4,000. கோபியிலிருந்து பீளமேடு ஏர்போர்ட்டுக்குக் கார், போகவும் வரவும் 5,000. கூட்டினால் 1,24,350.

வலது பக்கம் சிங்கப்பூர் டாலர். மூன்று பெரியவர், ஒரு குழந்தை என்றால் பல ஹோட்டலில் ஒரே அறையில் விட மாட்டார்கள். நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பக்கம் ஃபேமிலி ரூம் தேடினால் ராத்திரிக்கு 180 டாலர் போடலாம், ஐந்து ராத்திரிக்கு 900. சாப்பாடு நாளுக்கு 80, ஆறு நாளுக்கு 480. ரயில், பஸ், எப்போதாவது டாக்சி எல்லாம் சேர்த்து 150. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்களுக்கு 600. மொத்தம் 2,130 டாலர்.

இதை ரூபாயாக்கும்போதுதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். செல்போனில் தட்டினால் ஒரு டாலர் 70 ரூபாய் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு உங்களுக்கு யாரும் தர மாட்டார்கள். அது மொத்த வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விலை. மஞ்சளுக்கு மண்டி விலை ஒன்று, மளிகைக் கடை விலை ஒன்று இல்லையா? உங்கள் கைக்கு வந்து சேரும்போது 72, 73 ஆகிவிடும். பட்ஜெட்டில் 73 என்றே போடுங்கள். 2,130 டாலருக்கு 1,55,490. இடது பக்கத்தோடு கூட்டினால் 2,79,840. உங்கள் மூன்று லட்சத்தில் மிச்சம் 20,160. அவசரத்துக்கு என்று ஒதுக்க அது சரியாக இருக்கும். அதைச் செலவுப் பணமாக நினைக்காதீர்கள்.

அந்த 73 எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நீங்கள் கெட்டிக்காரத்தனமாக மூன்று நாலாயிரம் மிச்சம் பிடிக்கலாம். நோட்டாக வாங்கினால் மணி எக்ஸ்சேஞ்ச்காரர் தன் லாபத்தை விலைக்குள்ளேயே வைத்திருப்பார். ‘கமிஷன் கிடையாதுங்க’ என்று அவர் சொல்வது உண்மைதான். 70 ரூபாய் டாலரை 72க்கு விற்கிறவருக்குக் கமிஷன் எதற்கு? இன்றைய விலைக்கும் அவர் சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். கோவையில் மூன்று இடத்தில் போன் போட்டுக் கேட்டால் 50 பைசா, ஒரு ரூபாய் இறங்கும். ஏர்போர்ட்டுக்குள் இருக்கிற கவுண்டர் கடைசிப் போக்கிடம். கிரெடிட் கார்டு தேய்த்தால் பெரும்பாலான வங்கிகள் மார்க்கப் என்று 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் போட்டு, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடும். ஆக நூற்றுக்கு நாலு ரூபாய் சொச்சம், 70 ரூபாய் டாலர் கிட்டத்தட்ட 73 ஆகிவிடும். மார்க்கப் குறைவாக உள்ள கார்டுகளும் உண்டு, உங்கள் வங்கியில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாவற்றையும் நோட்டாகத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான், மீதி கார்டில். உங்கள் தொகைக்கு அந்த வரம்பு இடிக்காது. சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் 600 டாலர் நோட்டு, மற்றது கார்டு என்றால் போதும். இந்திய ரூபாயும் ஆளுக்கு 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். லிட்டில் இந்தியாவின் செரங்கூன் சாலைப் பக்கம் ரூபாயை வாங்கிக்கொண்டு டாலர் தருகிற கடைகள் உண்டு. நோட்டு தீர்ந்துவிட்டால் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிற தெம்புக்கு அந்தப் பணம் உதவும். யுபிஐ சில கடைகளில் ஓடுகிறது, அதை நம்பிப் போகாதீர்கள்.

ஒரு அடி நான் வாங்கியதைச் சொல்கிறேன். ஒரு கடையில் பையனுக்கு ஷூ, மனைவிக்குக் கைப்பை, மொத்தம் 186 டாலர். கார்டைச் செருகினேன். மிஷின் திரையில் இரண்டு வரி. மேலே 186.00 சிங்கப்பூர் டாலர். கீழே நம் ரூபாயில் 12,090. கடைக்காரப் பெண் சிரித்த முகமாக மிஷினை என் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். பின்னால் ஆள் நிற்கிறது. நம்ம ஊர்க் காசு என்றதும் ஒரு பாசம், ரூபாயை அழுத்திவிட்டேன். அறைக்கு வந்து கணக்குப் போட்டால், அன்றைக்கு டாலர் 62. அந்த விலைக்கு 11,532 தான் வர வேண்டும். மிஷின் டாலருக்கு 65 வைத்து வாங்கிக்கொண்டது. போதாக்குறைக்கு அடுத்த மாதக் கார்டு பில்லில் வெளிநாட்டில் ரூபாயில் தேய்த்ததற்கென்று தனியாக ஒரு கட்டணம். 19 வருசம் மற்றவர்கள் பில்லில் சிவப்பு மையில் சுழித்தவன் நான். எங்கே கேட்டாலும் அந்த ஊர்க் காசையே அழுத்துங்கள். ஏடிஎம் மிஷினும் இதே கேள்வியைக் கேட்கும்.

கார்டு விசயத்தில் இன்னும் இரண்டு. 2020 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கிற கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும், நீங்கள்தான் ஆப்பில் போய் அதைத் திறந்துவிட வேண்டும். இங்கேயே செய்துகொண்டு போங்கள், அங்கே போய் ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்து, ஹோட்டலில் அறைச் சாவி கொடுக்கும்போது கார்டில் 100, 200 டாலரைப் பிடித்து வைப்பார்கள். காலி பண்ணும்போது விட்டுவிடுவார்கள், ஆனால் உங்கள் கணக்குக்குத் திரும்பி வர சில நாள் ஆகும். அந்தத் தொகைக்குக் கார்டில் இடம் விட்டு வையுங்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் கையில் இருக்கிற காசே முடங்கும்.

இனி முதல் நாள்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே ராத்திரி ஏறினால் அங்கே காலையில் இறங்குவீர்கள். ஹோட்டலில் அறை கிடைப்பது மதியம் 2 மணிக்கு, சில இடத்தில் 3 மணிக்கு. தூக்கம் கெட்ட அம்மா, பசியில் பிள்ளை, இரண்டு பெட்டி, ஏழு மணி நேரம். இந்த ஏழு மணி நேரத்தில்தான் முதல் ஓட்டை விழுகிறது. ஏர்போர்ட்டில் சிம், ஏர்போர்ட்டில் காசு மாற்று, ஏர்போர்ட்டில் சாப்பாடு, வாசலில் நிற்கிற முதல் டாக்சி, சீக்கிரம் அறை கொடுக்கத் தனிக் காசு. எங்கள் கம்பெனிக் கவர்களில் கசங்கிப்போன பில் எல்லாம் இந்த ஏழு மணி நேரத்து பில்தான்.

இதற்கு மருந்து இங்கேயே தயார் பண்ண வேண்டும். போன் பேக் இங்கேயே போட்டாயிற்று. முதல் நாளுக்கு மட்டும் 100 டாலர் சில்லறை நோட்டாக, ஐந்தும் பத்துமாக, தனிக் கவரில். சாங்கி ஏர்போர்ட்டை ஒட்டியே ஜுவல் என்ற கட்டடம் இருக்கிறது, 2019இல் திறந்தது. உள்ளே கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு அருவி விழுகிறது. பார்க்கக் காசு இல்லை. காலையில் அங்கே உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோனதைச் சாப்பிட்டு, பிள்ளைக்கு அருவியைக் காட்டிவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். ஹோட்டலில் அறை தராவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் போனால் எக்ஸ்போ நிலையத்தில் ஒரு தடவை மாறினால் போதும், ஆளுக்கு இரண்டு டாலர் சொச்சம். டாக்சியில் நாலு பேருக்கும் சேர்த்து 25, 30 வரும். தனி ஆளாக இருந்தால் ரயில்தான் சொல்வேன். அம்மாவும் பெட்டியும் இருக்கும்போது முதல் நாள் டாக்சி எடுங்கள், அதை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். எழுதிச் செய்தால் அது செலவு, எழுதாமல் செய்தால் வெசனம். ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரே கார்டை நாலு பேரும் தட்ட முடியாது, ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலையத்திலேயே வாங்கலாம்.

அங்கே தண்ணீர்க் குழாயில் பிடித்தே குடிக்கலாம். இது சின்ன விசயமாகத் தெரியும். நாலு பேர், நாளுக்கு மூன்று பாட்டில், பாட்டில் ஒன்றரை டாலர், ஆறு நாள் என்றால் 108 டாலர். கிட்டத்தட்ட எட்டாயிரம் ரூபாய் வெறும் தண்ணிக்கு. வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் காலியாகக் கொண்டுபோங்கள்.

சாப்பாடு அங்கே இரண்டு உலகம். ஹாக்கர் சென்டர் என்கிற பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் ஐந்து, ஆறு, ஏழு டாலருக்கு வயிறு நிறையும். லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் அப்படித்தான், நம் சாப்பாடே கிடைக்கும். சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் வைக்காவிட்டால் அபராதம் போடுகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஏசி ஓட்டலில் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் உஷாராகுங்கள். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று அர்த்தம். 14 டாலர் தாலி நாலு பேருக்கு 56 என்று நினைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது 67. நாளுக்கு 80 டாலர் என்று நான் போட்டது, இரண்டு வேளை ஹாக்கர் சென்டர், ஒரு வேளை சுமாரான ஓட்டல் என்கிற கணக்கு. பருப்புப் பொடி, தட்டுவடை, புளிக்காய்ச்சல் எடுத்துப்போனால் காலை வேளை சுலபமாகிவிடும். வீட்டு மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அந்த டப்பாவை விட்டுவிட்டுப் போங்கள், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கசகசாவுக்குத் தடை. சுயிங்கமும் கூடாது.

அம்மா விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். என் அம்மாவைக் கூட்டிப்போயிருந்தபோது தேக்காவில் ஒரு காப்பி ஒரு டாலர் நாற்பது. பக்கத்தில் நின்ற பையன் சும்மா இராமல் ‘ஆத்தா, இது நம்மூர்க் காசுக்கு எம்பத்தேழு ரூவா’ என்று சொல்லிவிட்டான். ‘ஒரு காப்பித்தண்ணிக்கு எம்பத்தேழு ரூவாயா? எனக்கு வேண்டாஞ்சாமி, நீங்களே குடிங்க’ என்று டம்ளரைத் தள்ளி வைத்தவர், அன்று முழுக்க ஒன்றும் குடிக்கவில்லை. சாயந்திரம் தலைவலி. மாத்திரைக்கு ஒன்பது டாலர். மறுநாளிலிருந்து அவர் சுருக்குப் பையில் தினம் காலையில் 15 டாலர் போட்டுக் கொடுத்தேன், ‘இது உங்க காசு, பொழுது சாயறதுக்குள்ள செலவு பண்ணிரோணும்’ என்று. அதற்கப்புறம் என்னைவிட அவர்தான் ஹாக்கர் சென்டரில் விலை விசாரித்துப் பழகினார். உங்களுக்கும் இதையே சொல்கிறேன், பட்ஜெட் போடும்வரை ரூபாய் கணக்கு, விமானம் ஏறியதும் டாலர் கணக்கு. இன்றைக்கு 80 டாலரில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பாருங்கள். மாத்திரை விசயத்தில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கடையே உங்களுடையது. டாக்டர் சீட்டையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.

இன்சூரன்ஸ் 5,000 ரூபாயைக் குறைக்க நினைக்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் பாரத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் எச்சாகும். ஒளித்துவிட்டு அங்கே ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் கம்பெனி கைவிரிக்கும், வெளிநாட்டவருக்கு அங்கே ஒரு ராத்திரி படுக்கை என்பது உங்கள் மொத்தப் பட்ஜெட்டையே கேட்கும்.

பார்க்கும் இடங்களுக்கு 600 டாலர் எழுதினேன். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்கிற கேளிக்கைப் பூங்கா பெரியவர் ஒருவருக்கே 80 டாலரைத் தாண்டும். நாலு பேரும் போனால் பாதிப் பணம் ஒரே பகலில் போய்விடும். அம்மா அந்த வெயிலில் அங்கே என்ன செய்வார்? நீங்களும் மகளும் அங்கே போங்கள், மனைவியும் அம்மாவும் செரங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் போய் வரட்டும். மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது, அங்குள்ள இந்துக் கோயில்களிலேயே பழையது. இன்னொரு நாள் நாலு பேரும் சேர்ந்து மிருகக்காட்சிசாலை. மற்றதெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் இரும்பு மரங்களில் ராத்திரி விளக்குக் காட்சி இலவசம், கண்ணாடிக் கூடங்களுக்குள் போனால்தான் டிக்கெட். பொட்டானிக் கார்டன்ஸும் இலவசம்.

இப்போது பேக்கேஜ். 2014இல் நான் ஒரு டிராவல்ஸில் எடுத்தேன், ‘எல்லாம் உள்ள வந்துருங்க’ என்றார்கள். டிக்கெட் சென்னையிலிருந்து என்பது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சேரன் எக்ஸ்பிரஸ், சென்னையில் ஒரு ராத்திரி அறை, ஆட்டோ, திரும்பி வர அதே மாதிரி என்று 9,000 கூடுதல். விலையும் இரண்டு பேர் ஓர் அறை என்ற கணக்கில் போட்டது. உங்கள் மாதிரி மூன்று பெரியவர் என்றால் மூன்றாவது ஆளுக்கு என்ன, குழந்தைக்குத் தனிக் கட்டிலா இல்லையா என்று ஒவ்வொன்றும் மாறும். அதன்மேல் ஜிஎஸ்டி. அதற்கும் மேல் டிசிஎஸ், அதாவது டிராவல்ஸ்காரரே உங்களிடம் முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி. 2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 5 சதவீதமும், 7 லட்சம் தாண்டினால் 20 சதவீதமும் பிடித்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற விகிதம் இது, பணம் கட்டுகிற அன்று நடப்பில் உள்ளதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது நஷ்டமில்லை, உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் போகிற சமயத்தில் கையில் இருக்க வேண்டிய காசு வருசக் கடைசி வரை முடங்கும். டிக்கெட்டைத் தனியாக, ஹோட்டலைத் தனியாக நீங்களே போட்டால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

சிங்கப்பூரில் தமிழ் நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. வழி தவறினாலும் கேட்க ஆள் கிடைக்கும், ஊரும் கைக்கடக்கம். அதனால்தான் பேக்கேஜ் வேண்டாம் என்றேன். இதுவே ஐரோப்பா, நாலு நாடு, சைவச் சாப்பாடு என்றால் பேசாமல் நல்ல பேக்கேஜில் போங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்று லட்சத்தைத் தாண்டவே முடியாது என்றால் மலேசியாவையும் ஒரு தடவை யோசியுங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். விசாச் செலவு 12,000 அப்படியே மிச்சம், அறையும் சாப்பாடும் சிங்கப்பூரைவிட நன்றாகவே இறங்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. சென்னிமலை, சிவன்மலை என்று படியேறிப் பழகிய அம்மாவாக இருந்தால் அங்கே பத்துமலை முருகன் கோயிலின் 272 படி ஒரு பொருட்டே இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஆன்லைனில் ஒரு வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

கடைசி நாள். 11, 12 மணிக்கு அறையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள், விமானம் ராத்திரி. கையில் கொஞ்சம் டாலர் மிச்சம். ‘இதை ஊருக்குக் கொண்டுபோய் என்ன பண்றது’ என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு வரும். லிட்டில் இந்தியாவில் எல்லாம் விற்கிற பெரிய கடையான முஸ்தபா சென்டருக்குள் நுழைவீர்கள். சாக்லேட், தைலம், பெர்ஃப்யூம், சின்ன மாமியாருக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. மிச்சக் காசு போய், கார்டு வெளியே வரும். அதற்கப்புறம் ஏர்போர்ட் தராசில் பெட்டி ஆறு கிலோ எச்சு. கவுண்டரில் கட்டும் எடைக்கூலி, நீங்கள் வாங்கிய சாக்லேட்டைவிடக் கூடுதலாக வரும்.

ஒரம்பரைக்கு யார் யாருக்கு என்ன என்று இங்கேயே எழுதிவிடுங்கள். மொத்தம் இத்தனை டாலர், இத்தனை கிலோ. வாங்குவதை மூன்றாம் நாளே முடித்துவிடுங்கள், கடைசி நாளில் கடைக்குப் போகாதீர்கள். ஒரே கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கினால் சுற்றுலாப் பயணி என்று பாஸ்போர்ட்டைக் காட்டி ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறப் பதியலாம். ஒரே நாளில் அதே கடையில் போட்ட மூன்று பில் வரை சேர்த்துக்கொள்ளலாம். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் இருக்கும் மிஷினில் முடித்துவிட்டு வாருங்கள். அவர்கள் கூலி போகத்தான் கையில் வரும், ஆனாலும் விட வேண்டாம்.

தங்கம் வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே அடக்கிக்கொள்ளுங்கள். நகைக்கு வரிச்சலுகை ஒரு வருசத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், ஆறு நாள் போய் வருகிறவர்களுக்கு இல்லை. அம்மாவும் மனைவியும் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் என்றால், புறப்படும்போதே கஸ்டம்ஸில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளலாம், திரும்பும்போது கேள்வி வராது. என்னைக் கேட்டால் தாலிக்கொடி தவிர மற்றதை லாக்கரில் வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

எந்த வரிசையில் செய்வது என்றால், முதலில் பாஸ்போர்ட். அது கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். நம் ஊரில் அம்மா பெயர் ஆதாரில் இனிஷியலோடு ஒரு மாதிரி, ரேசன் கார்டில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ‘அம்மாள்’ சேர்ந்து இன்னொரு மாதிரி இருக்கும். அதைச் சரி பண்ணவே மாசம் ஓடிவிடும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதில் என்ன பெயர் அச்சாகிறதோ அந்த எழுத்தே டிக்கெட்டிலும் வர வேண்டும், ஓர் எழுத்து தப்பினாலும் திருத்தக் காசு கேட்பார்கள். அது வந்ததும் டிக்கெட். அடுத்து, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை. விசாவுக்குப் புறப்பாட்டுக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். டாலர் கடைசி இரண்டு வாரத்தில், இரண்டு தவணையாக. அம்மாவின் ஆதாரை இன்று ராத்திரி எடுத்துப் பெயரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.